பின்னந்தலையில் ஒரு வட்டம்

தலையணையில் கிடந்த முடியில் சிக்கே இல்லை. உதிர்ந்த முடி என்றால் சுருண்டு, பின்னிக்கொண்டு, துணியோடு ஒட்டிக் கிடக்கும். இதுவோ வாரி வைத்தமாதிரி, வேர்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தது.

அவளுக்கு ஆஸ்பத்திரி தொலைபேசிப் பிரிவில் ராத்திரி வேலை. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவாள். தூக்கம் கெட்டால் முடி கொட்டத்தானே செய்யும் என்று முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. பின்னந்தலையில் காசளவு முடியில்லாத வட்டம் ஒன்று விரலில் தட்டுப்பட்ட அன்றுதான் அக்காவிடம் காட்டினாள். எதற்கெடுத்தாலும் வகுப்பெடுக்கிற பள்ளிக்கூட டீச்சர் அக்கா, முடியை விலக்கிப் பார்த்த கையோடு தோல் டாக்டரிடம் போகச் சொன்னாள்.

தோல் டாக்டர் பூச்சிவெட்டாக இருக்கும் என்றுதான் ஆரம்பித்தார். லென்ஸை வைத்துக் குனிந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. பூச்சிவெட்டென்றால் அந்த இடம் மழமழவென்று இருக்குமாம். இங்கே குட்டையும் நெட்டையுமாக அறுந்த முடிகள். அவள் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோன முடிகளையும் பார்த்தார். தானாக விழும் முடியின் வேர் வெளுத்து உருண்டிருக்கும். இவற்றின் வேர் கறுத்து, மேலே மெல்லிய உறையோடு இருந்தது.

"இது கொட்டின முடி இல்லம்மா, பிடுங்கின முடி. தூக்கத்துல உங்க கையே செய்யுது. சிலருக்கு அப்படி வரும்."

பகலில் வீட்டில் வேறு யார் இருப்பார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை. அக்கா வெளியே பூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். அப்படியானால் சந்தேகமே இல்லை என்று, கையுறை போட்டுப் படுக்கச் சொல்லி அனுப்பினார்.

கையுறை போட்டும் வட்டம் பெருத்தது.

"கழற்றிட்டுப் பிடுங்குறியா பாப்பா?" அக்கா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. குரல் உடைந்திருந்தது. அதைத் தாங்கமாட்டாமல் அவளே சொன்னாள்: "பேசாம கையைக் கட்டிடு அக்கா."

மறுநாள் காலை, பழைய பருத்தித் துணியைக் கிழித்து, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டில் கம்பியோடு கட்டினாள் அக்கா. வலிக்குதா என்று கேட்டாள். நெற்றியைத் தடவிவிட்டு, பூட்டிக்கொண்டு போனாள்.

விழித்தபோது மதியம். திரையின் ஓரத்தில் வெயில் கத்திபோல நின்றது. மின்விசிறி சுற்றும் சத்தம், கீழ்வீட்டில் பாத்திரம் உருட்டும் சத்தம், அதற்கெல்லாம் அடியில், மிக அருகில், நகம் உரசுவதுபோல ஒரு சின்னச் சத்தம். அவள் தலைக்கு எண்ணெய் வைத்து எத்தனையோ நாளாயிற்று. ஆனாலும் முதுகுப்பக்கமிருந்து ஊசிப்போன எண்ணெய் வாடை வந்துகொண்டிருந்தது.

சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகத்துக்கு நேரே அவள் கைகள். இரண்டும். முடிச்சு அவிழவில்லை.

பின்னந்தலையில் முடி விலகியது. வகிடெடுப்பதுபோல. மெதுவாக. ஒரு முடி மட்டும் தனியாகப் பிரிந்தது. இழுபட்டது.

சுருக்.

கம்பியை உலுக்கினாள். கட்டு இறுகியதே தவிர நெகிழவில்லை. அக்கா என்று கத்தினாள். கீழ்வீட்டுப் பாத்திரச் சத்தம் நிற்கவில்லை.

பின்னால் அந்த விரல்கள் நின்றன. கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

பிறகு ஒரு உள்ளங்கை, குளிர்ந்தது, அழும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல அவள் உச்சந்தலையை வருடிக்கொடுத்தது. அவள் மூச்சு அடங்கும்வரை வருடியது.

அடங்கியதும், அடுத்த வகிட்டை எடுத்தது.