தங்கபுஷ்பத்தின் முழங்கால்

நிலாவின் தென்முனையில் இருக்கும் முத்துக்குடியிருப்பில் மூன்றாம் மாடிக்குப் போக யாரும் படி ஏறுவதில்லை. ஓர் எம்பு எம்பினால் போதும், பால்கனியில் போய் நிற்கலாம். பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு எடைதானே அங்கே! தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பல் விளக்கப் போனவர்கள், திரும்பி வந்து அது இறங்கக் காத்திருந்ததுண்டு.

அப்படிப்பட்ட ஊரில் தங்கபுஷ்பம் ஒருத்திதான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி ஏறினாள். ஐம்பத்தாறு வயது. எழும்போதெல்லாம் வலது முழங்கால் "கடக்" என்றது. அந்தக் கடக் அடுத்த பள்ளம் வரை கேட்கிறது என்று அவள் நம்பினாள்.

தூத்துக்குடியில் மகள் பெனினாவுக்கு இது ஒன்பதாம் மாதம். ஒரு பிரசவத்துக்கு நிலாவிலிருந்து ஒரே ஒருவர் இறங்கலாம் என்பது குடியிருப்பின் சட்டம். பெயர் கொடுத்த இருவரில் எவர் முழங்கால் பூமியின் எடையைத் தாங்குமோ அவருக்கே கப்பலில் இடம். அதை எலும்புப்படம் சொல்ல வேண்டும். தங்கபுஷ்பம் தன் பெயரை எழுதி, இரண்டாவதாக நாத்தனார் ஞானப்பூவின் பெயரை எழுதியிருந்தாள்.

படத்துக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. படநிலையம் அனுப்பியிருந்த அறிவிப்பை நாற்பது முறை படித்தாள். 'நின்றபடிதான் எடுக்கப்படும். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, காலை மடக்கி முழங்கால் சில்லுக்கு ஒன்று. ஒரு விநாடி அசையக் கூடாது. வலிக்காது.'

"வலிக்காதுன்னு போட்டா வலிக்கும்னுதான அர்த்தம்?" என்றாள்.

ஞானப்பூ உத்தரத்தில் தொற்றிக்கொண்டு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிலும் வெட்டுக்கிளி. இருபது வருடமாக அந்த ஊரில் அவள் குதிக்காத மாடி கிடையாது.

"என்ன மயினி, முகம் இப்படி வெளுத்துக் கெடக்கு? படந்தான எடுக்காவ, காலையா வெட்டுதாவ?"

"என் முட்டி தேறாது ஞானப்பூ. எம்புள்ள அங்க தனியா கெடந்து கத்துவா."

ஞானப்பூ கீழே குதித்தாள். தரை அதிர்ந்தது. "எம்முட்டியப் பாத்தியளா? இரும்பு. உங்களுக்குப் பதிலா நான் நிக்கேன், எனக்குப் பதிலா நீங்க நில்லுங்க. நான் எங்க போவப் போறேன்? எனக்குத் தகுதி வந்தா என்ன, வராட்டா என்ன?"

இந்த யோசனை நடக்கக்கூடியதுதான். மாதம் ஒரு முகம் மாற்றிக்கொள்கிற ஊரில் முகத்தை யார் நம்புவார்கள்? மணிக்கட்டில் கிடக்கும் அடையாளக் காப்புதான் ஆள். படம் எடுப்பதோ சுழலறையில். அந்த அறை சுற்றச் சுற்றப் பூமியின் எடை உடம்பில் ஏறும். கழன்று பறக்கும் உலோகம் தோட்டாவாகிவிடும் என்பதால், தோடு, கொண்டை ஊசி, காப்பு எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

உடைமாற்றும் அறையில் ஒருத்தி காப்பு இன்னொருத்தி தட்டுக்குப் போனது. மாட்டிக்கொண்டால் இருவரும் பத்து வருடம் நிலாவை விட்டு நகர முடியாது.

"ஞானப்பூ அம்மா, வாருங்கள்." கதிர் என்கிற படமெடுக்கும் இயந்திரன் தட்டைப் பார்த்துக் கூப்பிட்டது. தங்கபுஷ்பம் எழுந்தாள். கடக்.

"இந்தக் கதிர்வீச்சு மிகச் சிறியது, அஞ்ச வேண்டாம். ஆயினும் கேட்பது கடமை. வயிற்றில் குழந்தை உண்டா?"

"எனக்கில்லய்யா, எம்மவளுக்கு!"

கதிர் கண்விளக்கை ஒரு முறை சிமிட்டியது. "பதிவில் தங்களுக்கு மகள் இல்லையே?"

தங்கபுஷ்பத்தின் இதயம் நின்று, மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. "அண்ணன் மவ… மவ மாதிரிதான்."

"மகிழ்ச்சி. நில்லுங்கள்."

அறை சுழன்றது. இருபத்திரண்டு வருடமாக மறந்திருந்த எடை, ஆறு பெண்கள் தோளில் ஏறி உட்கார்ந்த மாதிரி இறங்கியது. பல்லைக் கடித்து நின்றாள். ஒரு விநாடி. முடிந்தது. பாரத்தில் கால் துவண்டுவிடவில்லை என்பதைக் கவனிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. அடுத்து ஞானப்பூ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போய் வந்தாள்.

கதிர் இரண்டு படங்களையும் சுவரில் ஒளிரவிட்டது.

"தங்கபுஷ்பம் என்பவருக்கு இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. எங்கிருந்தோ பலகாலம் குதித்துக் குதித்துத் தேய்ந்திருக்கிறது. இப்போது வலி இல்லாமல் இருக்கலாம். படமும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. தகுதி இல்லை. ஞானப்பூ என்பவருக்கு இருபது வயது முழங்கால். கடக்கென்ற சத்தத்தால் கேடில்லை. தொடைத் தசை மட்டும் இளைத்திருக்கிறது, தினம் நடந்தால் சரியாகும். கப்பல் வியாழக்கிழமை."

வெளியே வந்து இருவரும் காப்பை மாற்றிக்கொண்டார்கள்.

"உண்மையச் சொல்லிருவமா மயினி?"

"சொன்னா ரெண்டு பேரும் போவ முடியாது. புள்ளைக்கு அப்புறம் யாரு?" தங்கபுஷ்பம் மூக்கைத் துடைத்தாள். "நீயே போ. தைல பாட்டில எடுத்து வைக்கேன்."

வியாழனன்று ஞானப்பூ போனாள். பூமியின் எடை ஏறிய முதல் மணி நேரத்திலேயே முழங்கால் பூசணியாக வீங்கியது. பேத்தி பிறந்தாள். மூன்றாம் நாள் திரையில் தங்கபுஷ்பம் பார்த்த காட்சி: பிள்ளை பெற்றவள் எழுந்து நின்று அத்தைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா," என்றாள் பெனினா, "என்னையப் பாத்துக்கிட அத்தைய அனுப்புனியா, இல்ல அத்தையப் பாத்துக்கிடச் சொல்லி என்கிட்ட அனுப்புனியா?"

தங்கபுஷ்பம் பதில் சொல்வதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால் முத்துக்குடியிருப்புப் பெண்கள் பதினோரு பேர், படிக்கட்டு வரை வரிசை. விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. முதலில் நின்ற ரோசம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, ஊர்லயே நல்ல முட்டி உங்களுதுதானாமே? செவ்வாக்கெழம எனக்குப் படம். எனக்குப் பதிலா வந்து ஒரு விநாடி நின்னுட்டு வாங்கக்கா. பயமா இருக்கு."

"உன் முட்டிக்கு என்னளா?"

"தெரியலியே. இதுவரைக்கும் காட்டுனதில்ல."

பின்னாலிருந்த பத்துப் பேரும் தலையாட்டினார்கள். அவர்களும் காட்டியதில்லை.

அந்த ஆண்டு தங்கபுஷ்பத்தின் வலது முழங்கால் பதினோரு பெயர்களில் பூமிக்குத் தகுதி பெற்றது. சொந்தப் பெயரில் 'தகுதி இல்லை' என்று பதிவாகிவிட்ட தங்கபுஷ்பம் மட்டும் பேத்தியைத் திரையில் கொஞ்சிக்கொண்டு நிலாவிலேயே இருந்தாள்.