காற்று தள்ளிக்கொண்டு போனது

தன் மேல் பெயிண்ட் வாடை இல்லை என்பது தெருமுனைக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

தகரத்துக்கு வர்ணம் பூசும் ஆலையில் ஷிப்ட் மேற்பார்வை அவள் வேலை. எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் தின்னர் வாடை நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வீடு வரை கூடவே வரும். "அக்கா வர்றதுக்கு முன்னாடி அக்கா வாசம் வந்து கதவைத் தட்டும்" என்று தங்கை கேலி செய்வாள். இன்று சட்டைக் கையை மூக்கில் அழுத்தி இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அந்த இடத்தில் வேறொரு வாடை, மெலிதாக, கூராக: ஜெராக்ஸ் கடையில் மெஷின் சூடேறி ஓடும்போது வருமே, அது.

பட்டப்பகல். காலையில் வீசிய காற்று எங்கோ முட்டி நின்றுவிட்டதுபோல் ஓர் இலைகூட அசையவில்லை. வானம் நீலத்தைத் தொலைத்து, திரிந்த பாலாக வெளிறிக் கிடந்தது. வேலியோரச் செடிகளின் இலைகளெல்லாம் ஊசியால் குத்தி எடுத்ததுபோல் பழுப்புப் புள்ளிகள். காகம் இல்லை. நாய் இல்லை. எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன.

ஆலையில் பெயிண்ட் ஆவியை எரித்துவிடும் உலை பழுதாகி ஒரு வாரம். மேனேஜர் சொல்படி, ஆவியை நேரே வெளியே விடும் வால்வைக் காலையில் திறப்பது அவள்தான். மனசு கேட்காமல் பாதுகாப்பு அதிகாரியிடம் விசாரித்தும் பார்த்தாள்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் அவர், டீயை ஊதிக்கொண்டே. "நம்ம ஆவியும் வண்டிப் புகையும் வெயில்ல சேர்ந்து வெந்தாத்தான் ஓசோன். வேகறதுக்குள்ள காத்து தள்ளிட்டுப் போயிடும். நம்ம கேட்டுக்குள்ள ஒண்ணும் இருக்காது."

"ஓசோன் நல்லதுன்னுதானே சார் சொல்லுவாங்க?"

"மேல, வானத்துல இருந்தா நல்லது. கீழ மூக்குக்கு நேரா, ஜெராக்ஸ் மெஷின் வாடையா வந்துச்சுன்னா நெஞ்சை அரிச்சுடும்."

"தள்ளிட்டு எங்க போகும்?"

"போற இடத்துக்குப் போகும்," என்று சிரித்தார்.

வீடு பூட்டியிருந்தது. வாசலில் தங்கையின் ஓட்ட ஷூ இல்லை. போட்டி நெருங்குகிறது என்று வெயிலிலும் ஓடப் போய்விடுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. போனை எடுத்தாள்.

"ஏய் குருவி, எங்கடி இருக்கே?"

"கிரவுண்ட்லதான்." குரலுக்குப் பின்னால், தள்ளி எங்கோ மூச்சிரைப்பு கேட்டது. "நான் ஓடலக்கா. நின்னு ரொம்ப நேரமாச்சு. ஆனா..."

"ஆனா என்ன?"

"இது நிக்க மாட்டேங்குது."

லைன் அறுந்தது.

மைதானம் தெருவுக்குப் பின்னால்தான். போகப் போக அந்த வாடை கூடிக்கொண்டே வந்தது. கண் எரிந்தது. தொண்டையில் மணலை அள்ளிப் போட்டதுபோல் ஒரு கரகரப்பு. இரும்புக் கதவைத் தள்ளினாள். உள்ளே வெயில் மட்டும் நின்றிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீண்ட விடுப்பு, விடும்போது நுனியில் ஒரு விசில். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்துக் கேட்டுக் கேட்டுப் பழகிய மூச்சு. ஓட்டப்பாதையின் வளைவில் திரும்பி, நேராக அவளை நோக்கி வந்தது.

பாதையில் யாரும் இல்லை.

காலடிச் சத்தம் இல்லை. புழுதி எழவில்லை. மூச்சு மட்டும் அவளைக் கடந்தது. கன்னத்தில் சூடாகப் பட்டது. போய்விட்டது.

பார்வையாளர் படிக்கட்டின் நிழலில், சுவரில் சாய்ந்து தங்கை உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

"என்னடி? எங்க வலிக்குது? எந்திரி, டாக்டர்கிட்ட போலாம்."

மார்பில் கை வைத்தாள். உள்ளே இதயம் படபடவென்று அடித்தது. மேலே நெஞ்சு பலகைபோல் கிடந்தது. ஏறவில்லை. இறங்கவில்லை. எவ்வளவு நேரமாக இப்படி?

அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். தங்கை தலையை ஆட்டினாள். வேண்டாம். பிறகு விரலை நீட்டினாள். பாதையை அல்ல. அக்காவின் நெஞ்சை.

மூச்சு மறுபடி வளைவுக்கு வந்துவிட்டது. இரண்டு இழுப்பு. ஒரு விடுப்பு. விசில்.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

கனமானது. மாடிப்படி ஏறினால் இரைக்கும் தன் உடம்பின் மூச்சு.

கத்த வாயைத் திறந்தாள். காற்று உள்ளே வரவில்லை. நெஞ்சு அசையவில்லை.

வெளியே, வெள்ளை வெயிலில், இரண்டும் ஜோடியாக ஓடின. வேகம் கூடிக்கொண்டே போனது.