காயாத தகடு

பட்டறைக்குள் புல் வாசனை அடித்தது. சுற்றிலும் சிமெண்ட் தரை, இரும்பு, எண்ணெய்ப் பிசுக்கு. பெயருக்குக்கூட ஒரு செடி கிடையாது. ஆனாலும் அப்போதுதான் வெட்டிப் போட்ட பச்சைப் புல்லைப் போல, வெல்டர் வேலை செய்யும் மூலையிலிருந்து அது மெல்ல மிதந்து வந்தபோது சூப்பர்வைசர் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார்.

கிரீஸ் கழுவும் டிரைகுளோரோஎத்திலீன் தொட்டிக்கு மேலே எச்சரிக்கைப் பலகையை மாட்டியவரே அவர்தான். அதில் கழுவிய இரும்பு காயுமுன் வெல்டிங் வைத்தால் அந்தத் திரவத்தின் ஆவி ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். புல் வாசனை அடிக்கும். முதலில் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

"சார், தகடு இன்னும் ஈரமா இருக்கே," என்று வெல்டர் கேட்டு அரை மணிகூட ஆகவில்லை.

"லாரி வாசல்ல நிக்குது, நீ வேற! சூடு பட்டா தானா காஞ்சிடும். வை," என்றிருந்தார்.

இப்போது அவன் இரண்டு முறை இருமினான். "தொண்டை கரகரங்குது சார், அவ்வளவுதான்," என்று சிரித்தான்.

உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் எப்படி ஆனது என்று கேட்பார்கள்.

"வீட்டுக்குப் போய்ப் படு," என்றார்.

சாயங்காலம் மனசு கேட்காமல் அவன் வீட்டுக்கே போனார். வெல்டரின் மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்க சார். தூங்குறாரு. சளி பிடிச்சிருக்கு போல."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சொல்லிவிட வேண்டும். மின்விசிறி கிறீச்சிட்டது, பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள், அதற்கெல்லாம் அடியில், மூடிய அறைக்குள்ளிருந்து, விட்டுவிட்டு, ஏதோ கொதிப்பது போலக் களகளவென்று ஒரு சத்தம்.

அவளுக்கும் கேட்டது. "அய்யோ, அடுப்புல எதையோ வச்சு மறந்துட்டேன்!" என்று சமையலறைக்கு ஓடினாள்.

கரண்டியும் கையுமாகத் திரும்பி வந்தாள்.

"அடுப்பு எரியவே இல்லையே சார்."

சத்தம் நிற்கவில்லை. கதவுப் பக்கம் வந்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடும்மா," என்றார்.

"எதுக்கு சார்?"

கதவு திறந்தது.

நிலையைப் பிடித்தபடி வெல்டர். நீலம் பாரித்த உதடுகள். மோவாய்வரை இளஞ்சிவப்பு நுரை. சூப்பர்வைசரைக் கண்டதும், பழக்க தோஷம், வணக்கம் சொல்ல வாயைத் திறந்தான்.

குமிழிகள்தான் வந்தன.

அவள் துண்டால் துடைத்தாள். பொங்கியது. துடைத்தாள். மறுபடி பொங்கியது.