தரை தட்டிய கப்பலும் முக்கால் மீட்டரும்

“ஒண்ணு என் கணக்கு தப்பு, இல்லேன்னா என் தம்பி தப்பு. எதைச் சொன்னாலும் எனக்குத்தான் சார் வலிக்கும்” என்றாள் அந்தப் பெண், நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி.

கடலடி ஆழத்தை அளந்து வரைபடத்துக்குக் கொடுப்பது அவள் வேலை. கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தி வருவது தம்பியின் வேலை. அவள் ஒன்பது மீட்டர் என்று குறித்த இடத்தில் அவன் கொண்டுவந்த கப்பல் தரை தட்டிவிட்டது. நாளை விசாரணை. தம்பியின் தப்பு என்று முடிவானால் அவன் பிழைப்பே போய்விடும்.

துப்பறிவாளரை ஊர் ‘நிதானம்’ என்று அழைக்கும். அவருடைய உதவியாளனுக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்ததும் ஊர்தான். பொருத்தம் பார்த்து வைத்த பெயர்கள்!

“படகைக் குறுக்கே ஓட்டியும் அளந்து சரிபார்த்தீங்களாம்மா?” என்று கேட்டார் நிதானம்.

“பார்த்தேன் சார். நேரா போனப்ப வந்த ஆழமும் குறுக்கே போனப்ப வந்த ஆழமும் அச்சா ஒத்துப்போச்சு.”

“அப்ப தம்பிதான் பாதை மாறிட்டார்!” என்றான் அவசரம். அவள் முகம் வாடியது. ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது அவனுக்கு.

“ஒரே தராசுல ரெண்டு தடவை நிறுத்தா அதே எடைதானே காட்டும்? தராசையே பார்த்துடுவோம்” என்று எழுந்தார் நிதானம்.

அளவைப் படகை ஓட்டுபவர் அவள் கணவர். அவள் கை நீட்டுமுன் கயிற்றை அவிழ்த்தார். கேட்குமுன், ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் கருவியை முடுக்கினார். “வீட்டுல மாதிரிதான் சார். இங்கயும் அவளுக்குப் பாதி வேலையை நானே முடிச்சு வெச்சிடுவேன்” என்றார் பெருமையாக.

ஈயக் குண்டு கட்டிய அளவுகயிற்றை மூன்று இடங்களில் இறக்கினார் நிதானம். நீர்மட்ட ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், மேட்டிலும் பள்ளத்திலும் வரைபடத்தைவிட முக்கால் மீட்டர் குறைவு.

“நீர்மட்டக் கணக்குல தப்பு!” என்றான் அவசரம்.

“அப்படின்னா நேரத்துக்கு நேரம் மாறும்ப்பா. தண்ணியில ஒலி போற வேகத்தைத் தப்பாப் போட்டிருந்தா, ஆழம் கூடக் கூடத் தப்பும் கூடும். எங்கயும் ஒரே அளவுன்னா கோளாறு கடல்ல இல்ல, படகுல.” அவர் கணவன் மனைவி பக்கம் திரும்பினார். “ஒலி அனுப்புற கருவி படகுக்கு அடியில இருக்கு. அது தண்ணிக்குக் கீழ எவ்வளவு?”

“முக்கால் மீட்டர்” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“அதை மெஷின் காட்டுற ஆழத்தோட கூட்டணும். யார் கூட்டுறது?”

“நான்தான், ஆபீஸ்ல” என்றாள் அவள்.

கணவர் இன்ஜினை நிறுத்தினார். “போன மாசத்துலேர்ந்து அதை நானே மெஷின்ல சேர்த்துடறேன். உனக்கு வேலை குறையுமேன்னு... சொல்ல மறந்துட்டேன்.”

“சமையல்ல ஆளுக்கொரு தடவை உப்பு போட்ட கதை” என்றார் நிதானம். ஆனால் சிரிக்கவில்லை. அன்பாகச் செய்த தப்பைக் கண்டுபிடிப்பது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

“என் தப்புன்னே சொல்லிடு. இல்லேன்னா உன் வேலை...” என்று கணவர் முடிப்பதற்குள் அவள் ரேடியோவை எடுத்துவிட்டாள்.

“அந்த வழியில எந்தக் கப்பலையும் விடாதீங்க. ஆழம் தப்பு. சரிபார்க்காம கையெழுத்துப் போட்டது நான்.”

பிறகு தம்பியைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். “டேய், நீ சரியாத்தான் வந்திருக்கே.”

“உன் கணக்கு தப்பாகாதுன்னு நினைச்சேன்க்கா. நான்தான் பாதை மாறிட்டேன்னு நாளைக்கு ஒத்துக்கலாம்னு இருந்தேன்.”

“கழுதை!” என்று அதட்டிய அக்கா, அப்படியே அழுதுவிட்டாள்.