போயிட்டு வாங்க

நசரத்பேட்டையில் ஷாகிதாவின் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றபோது, அவள் அப்போதுதான் மதியச் சோற்றில் கை வைத்திருந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த கஜபதி, தன் மனைவி பஞ்சவர்ணத்தைக் கைத்தாங்கலாக இறக்கினார். நேரங்கெட்ட நேரத்தில் இப்படி யாராவது வந்து நிற்பது ஷாகிதாவுக்குப் பழகிப்போன தலைவலி.

வரம் என்று ஊர் சொன்னது. ஒருவர் உடம்பில் ஏறிக்கொண்ட செத்தவரின் ஆவி, ஷாகிதா "போ" என்றால் போய்விடும், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குப் பயந்து மகள் இஃபத்தைக் கோபத்தில்கூட "போடி" என்று திட்டியதில்லை. வந்தவர்களும் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. சாவு வீட்டிலிருந்து கிளம்புவதுபோல வாய் திறக்காமல் நடையைக் கட்ட வேண்டும். 'வா' என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் போனது திரும்பிவிடும். வருஷக்கணக்காக இதே பிழைப்பு. சலித்தேபோயிருந்தாள். இந்த வாயைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாளாவது தூங்கினால் தேவலை என்றிருந்தது.

பஞ்சவர்ணத்தின் உச்சந்தலையில் கை வைத்தாள். ஈரச் சாக்கு வாடை குப்பென்று அடித்தது. நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் எங்கோ தூரத்தில் போய் அமுங்கியது.

"போ" என்றாள்.

மற்றவை எல்லாம் அழும், அடம்பிடிக்கும். இது விருந்துக்கு வந்த பெரியவரைப்போல, பஞ்சவர்ணத்தின் வாயால், கரகரத்த ஆண் குரலில், மரியாதையாகப் பேசியது.

"ரொம்பக் களைச்சிப் பூட்ட, புள்ள. நான் கெளம்புறேன். போயிட்டு வரட்டா?"

அவள் களைப்பை யாரும் கேட்டதே இல்லை. மனசு இளகிவிட்டது. பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"போயிட்டு வாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

பஞ்சவர்ணம் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். மனைவி பிழைத்த நிம்மதியில் கஜபதி எதையும் கவனிக்கவில்லை. கும்பிட்டுவிட்டு, முறைப்படி பேசாமல் அவளை அழைத்துக்கொண்டு போனார்.

அது வரும். செத்தவர்களுக்கு இளசான உடம்புதான் வேண்டும் என்பது ஷாகிதாவுக்குத் தெரியும். மண்ணூர்பேட்டை கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் இஃபத் நேராக இங்கேதான் வருவாள். போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டாள். வேப்பம்பட்டில் தங்கை வீட்டுக்கு அவளைத் திருப்பிவிட்டால் போதும்.

கதவைத் தாழிட்டாள்.

யாரும் தட்டவில்லை.

வாடை மட்டும் உள்ளே வந்தது.

"போ" என்றாள். போகவில்லை. தானே வாங்க என்று அழைத்தவரை எந்த வாயால் விரட்டுவது? பாயில் உட்கார்ந்து கெஞ்சினாள். என்னை எடுத்துக்கொள், என் பிள்ளையை விட்டுவிடு என்றாள். தொண்டையில் ஏதோ இறங்கி உட்கார்ந்துகொண்டது.

போன் அடித்தது. இஃபத்.

"இன்னாம்மா, இத்தினி தடவ அடிச்சிகீற? இப்பத்தான் ஷிப்ட் முடிஞ்சுது. சின்னம்மா கூப்ட்டாங்க. வேப்பம்பட்டு போயி ராவுக்கு அங்கயே தங்கிக்கட்டா?"

போ, கண்ணே, போ. சொல்லத்தான் ஷாகிதா வாயைத் திறந்தாள்.

அவள் குரல்தான். ஆனால் பேசியது அவள் இல்லை.

"வேணாம் புள்ள. ஊட்டுக்கே வந்துடு."

"சரிம்மா" என்றாள் இஃபத். "இதோ, பஸ் வந்துருச்சு."