தொண்டை கட்டிய குரல்

செல்போனுக்குள் ஒரு பெண் அழுதாள்.

"அம்மா... நான் பொய் சொல்லிட்டேன்மா... அந்த ட்ரையல் ரூம்ல கேமராவே இல்லம்மா... அந்தாளை அசிங்கப்படுத்தத்தான்..."

கரகரத்த குரல். விசும்பல். அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் சென்றாயன் ஆடியோவை நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த பாதி வடையை வாயில் போட்டுக்கொண்டார்.

"கேட்டீங்களாம்மா? கேஸ் க்ளோஸ்!"

எஸ்.ஐ. மணிமேகலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வடையைப் பார்த்து அல்ல!

அன்ஜும், கடத்தூர் மெத்தைக்கடை ஹயாத் பாஷாவின் மகள். காலேஜ் மாணவி. மாதவராஜின் துணிக்கடையில் சுடிதார் போட்டுப் பார்க்கப் போனவள், ஸ்விட்ச் போர்டுக்குள் சுண்டைக்காய் அளவில் ஒரு கேமராவைப் பார்த்துவிட்டாள். போலீஸ் போவதற்குள் ஸ்விட்ச் போர்டே புதுசாகியிருந்தது. அதற்கு முன்னால் எத்தனை பெண்கள் அந்தக் கதவைச் சாத்தினார்களோ... தூ!

இருந்த ஒரே சாட்சி அன்ஜும்தான். இப்போது அவளே பொய் என்கிறாள்.

"இது ஏது சார்?"

"அவ அவங்கம்மாகிட்ட போன்ல பேசினது. யாரோ மாதவராஜுக்கு வாட்ஸப்ல அனுப்பியிருக்காங்க."

"அடுத்தவங்க பேச்சைத் திருட்டுத்தனமா ரெக்கார்ட் பண்றதே தப்பில்லைங்களா சார்?"

"அட போம்மா! செல்லுக்குள்ள வந்துட்டா ஊர்ச் சொத்து. பொய்ப் புகார் குடுத்தான்னு அவ மேலதான் இப்ப கேஸ். கூட்டிட்டு வாங்க."

ஹயாத் பாஷாவின் வீட்டில் அன்ஜுமின் அறைக்கதவு சாத்தியிருந்தது. ஊர் பேசிய பேச்சில் அவள் வெளியே வருவதே இல்லை.

மணிமேகலை ஆடியோவைப் போட்டாள். ஹயாத் பாஷா அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"அவ குரல்தாங்க... யா அல்லா..."

அவர் மனைவி வஹிதா மட்டும் புருவத்தைச் சுருக்கினாள்.

"இன்னொருவாட்டி போடுங்க."

போட்டாள்.

"அம்மாவா? எங்க வூட்ல யாருங்க அம்மா?"

"என்னங்க சொல்றீங்க?"

"அவ என்னை அம்மீன்னுதான் கூப்பிடுவா மேடம். பேச்சு வந்ததுலேர்ந்து என்கிட்ட உருதுதான். தமிழு கடைவீதிக்கும் காலேஜுக்கும்தாங்க. என்கிட்ட வந்து தமிழ்ல அழுவாளா எம்பொண்ணு?"

மணிமேகலை நிமிர்ந்தாள்.

"அப்ப இது பொய்க்குரல்! குரல் கொஞ்சம் கிடைச்சாப் போதும்... கம்ப்யூட்டரை விட்டு எதை வேணும்னாலும் பேச வெச்சிடலாம். அவ ரீல்ஸ் ஏதாச்சும் போடுவாளாங்க?"

"அந்தப் பழக்கமே கிடையாதுங்க!"

அறைக்கதவு திறந்தது. வீங்கிய கண்களோடு அன்ஜும் நின்றாள்.

"மேடம்... அந்தக் குரல் ஏன் கரகரன்னு இருக்கு?"

அவள் குரல் கணீரென்று இருந்தது!

"எனக்குத் தொண்டை கட்டினது ஒரே ஒரு நாள்தான். அன்னைக்கு வூட்ல வாயே தொறக்கல. பேசினது ஒரே எடத்துல."

"எந்த எடத்துல?"

"உங்க ஸ்டேஷன்ல! லேடி கான்ஸ்டபிள் ஸ்டேட்மென்ட் எடுத்தாங்க. மேஜை மேல ஒரு செல்லு ரெக்கார்ட் ஆயிட்டு இருந்துச்சு."

"யாரோட செல்லு?"

"தெரியலைங்க."

அன்று மணிமேகலைக்குப் பென்னாகரத்தில் பந்தோபஸ்து. அவளுக்கும் தெரியாது.

பெண்ணின் பாதுகாப்புக்கென்று வாக்குமூலத்தைப் பதியச் சொல்கிறது புதுச் சட்டம். அதையே எடுத்துப் போய், பொய்க்குரல் செய்ய மாதவராஜுக்குக் கொடுத்திருக்கிறான், காக்கி போட்ட ஒரு நாய்! தான் போட்டிருந்த சட்டையே மணிமேகலைக்கு அருவருப்பாக இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் யாருக்கோ போன் செய்தாள். பேசி முடித்தும் துண்டிக்காமல், செல்லை அப்படியே பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"எங்க அந்தப் பொண்ணு?" என்றார் சென்றாயன்.

"வருவா சார். ஆனா ஒரு சிக்கல். பொய்ப் புகார் கேஸ் நிக்கணும்னா அவ ஸ்டேட்மென்ட் ரெக்கார்டிங்ல வேற யார் கையும் பட்டிருக்கக் கூடாது. பட்டிருந்தா வக்கீல் கிழிச்சுடுவான். ரெக்கார்டிங் நம்ம ஸ்டேஷன் ரைட்டர்கிட்ட இருக்குதுங்களா?"

"அவனா? அவனுக்கு செல்லை ஆஃப் பண்ணவே தெரியாது! என் சொந்த செல்லைத்தான் ரெக்கார்டிங்ல போட்டு மேஜை மேல வெச்சேன்."

"காப்பி?"

"கிடையாது!"

"வேற யாராச்சும் தெறந்து..."

"என் பொண்டாட்டியாலயே முடியாது! கைரேகை லாக்கும்மா. இந்த செல்லைத் தாண்டி ஒரு எழுத்து வெளிய போகணும்னா என் கட்டைவிரல் வேணும்!"

"அப்ப மாதவராஜுக்குப் போனது உங்க கட்டைவிரல்தான் சார்."

"எ... என்ன?"

"அந்த ஆடியோவுல அழறது அன்ஜும் இல்ல. அவளோட தொண்டை கட்டு! அது இந்த ஸ்டேஷன் ரெக்கார்டிங்கைத் தவிர வேற எதுலயும் இல்ல சார்!"

மணிமேகலை பாக்கெட்டிலிருந்து செல்லை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"எல்லாம் கேட்டுச்சு மணிமேகலை," என்றது டி.எஸ்.பி.யின் குரல். "அவர் செல்லைக் கைப்பத்துங்க. மாதவராஜ் கடைக்கு நான் ஆள் அனுப்பிட்டேன்."

சென்றாயன் எழுந்தார். மேஜையை ஓங்கிக் குத்தினார்.

"என்னைக் கேக்காம நான் பேசறதை அடுத்தவங்களுக்குக் கேக்க விடுவியா? எனக்குன்னு ஒரு ப்ரைவசி இல்ல? உன் மேல கம்ப்ளெயின்ட் குடுக்கறேன் பாரு!"

"தாராளமாக் குடுங்க சார்... நானே ரெக்கார்ட் பண்ணிக்கறேன். ஆனா தொண்டை கட்டாத நாளாப் பாத்து வாங்க!"