பாதியில் நிறுத்திய பாட்டு

“ஃபாதர் வாசல்ல நிண்டு சப்பாத்துக் கழட்டுறார். பிறகு நான் என்ன செய்யிறது? அவரையும் இருத்தி வைச்சு, கொஞ்சம் பொறுங்கோ ஃபாதர், உவர் டிங் டிங் எண்டு முடிக்கட்டும் எண்டு சொல்லட்டே?”

“அவன் முதலே சொன்னவன்தானே அம்மா, நடுவில நிப்பாட்டக் கூடாதெண்டு.”

“முடிவெண்டு ஒண்டு இருந்தாத்தானே பிள்ளை நடுவெண்டு ஒண்டு இருக்கும்? அந்தப் பாட்டு ஒரே இடத்திலயே சுத்திக்கொண்டு நிக்குது. அகஸ்ரின் அங்கிள் நித்திரையாப் போனார்.”

“அவர் பூசையிலயும் நித்திரை கொள்ளுறவர்தானே.”

“ஓம். ஆனாப் பூசையில குறட்டை விடுறேல்லை.”

தன் பகிடிக்கு அம்மா கிளடிஸ் தானே சிரித்தார். சிங்க்கில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பின்னேரம் முடிய முன்னமே யன்னலுக்கு வெளியே வெளிச்சம் தீர்ந்து, யூனியன்வில்லின் கூரைகள் எல்லாம் பனிக்குக் கீழே ஒரே மாதிரிக் குனிந்திருந்தன. நினைவுச் செபத்துக்கு வந்தவர்கள் விட்டுப்போன மணங்கள், கோழிக்கறியும் அணைத்த மெழுகுதிரியும் ஈரக் கம்பளிக் கோட்டுகளும், குசினிக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. அம்மா கழுவிக் கொடுத்த கோப்பைகளை றெபேக்கா வாங்கினாள், துடைத்தாள், அடுக்கினாள். கடைசிக் கோப்பையைத் துடைக்கும்போதுதான் கண்டாள், அம்மாவின் வோக்கர் ஹோலில் நிற்கிறது.

செப்டெம்பரில் வலது முழங்காலை மாற்றி வைத்த பிறகு, தேத்தண்ணி கொதிக்கிற நேரம்கூட அம்மா பிடிமானம் இல்லாமல் நின்றதில்லை. இப்போது விருந்துக் கோப்பைகள் முழுவதையும் கழுவிவிட்டு, எங்கும் கை ஊன்றாமல், இரண்டு காலிலும் சரிசமமாகப் பாரம் போட்டு நிற்கிறார்.

“அம்மா, கால் நோகேல்லையே?”

“எந்தக் கால்?” என்றார் அம்மா.

அந்தப் பதில் றெபேக்காவைத் தொடவில்லை. ஒரு வருடமாக எதுவுமே அவளைத் தொடுவதில்லை. அவள் பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறாள். விறைப்பு ஊசி போட்ட பிறகு நோயாளிகள் தங்கள் உதட்டைத் தாங்களே தொட்டுப் பார்த்து, அது வேறு யாருடையதோ என்பது போல முழிப்பதைத் தினமும் காண்பவள். தம்பி றொய்சன் செத்த நாளிலிருந்து அவளுக்கு உடம்பு முழுவதும் அந்த உதடாக இருந்தது. பிறம்ரனில் வேர்ஹவுஸ் வேலை முடிந்து வந்தவனுடைய கார் நெடுஞ்சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் வழுக்கி லொறி ஒன்றுக்குக் கீழே போனது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் அழுதார்கள். அவள் வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்தாள். இன்றைக்கும் கொடுத்தாள்.

அழ வேண்டும் என்பதற்காகத்தான் ஃபராயை வரச் சொல்லியிருந்தாள். ஃபராய் சிம்பாப்வேக்காரன், வேர்ஹவுஸில் றொய்சனுடைய கூட்டாளி. அவன்தான் றொய்சனுக்கு ம்பிரா பழக்கினான். பலகை ஒன்றில் இரும்பு நாக்குகளை வரிசையாகப் பதித்து, அதைப் பெரிய காய்ந்த சுரைக்குடுவைக்குள் இறுக்கி, இரண்டு பெருவிரல்களாலும் ஒரு சுட்டுவிரலாலும் மீட்டுகிற வாத்தியம் அது. குடுவையின் விளிம்பில் சோடா மூடிகள் கட்டியிருக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் அவை, தகரப் பேணிக்குள் அகப்பட்ட ஈயைப் போல, சேர்ந்து இரையும். அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் அவர்களுக்கு வழி தெரியும் என்று றொய்சன் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னான்.

“ஆருக்கு?” என்று அம்மா கேட்டார்.

“செத்த ஆக்களுக்கு, மா.”

“நீ முதல்ல உயிரோட இருக்கிற ஆக்களுக்குக் கோப்பையைக் கழுவி வை.”

ஃபராயின் வீட்டு வழக்கப்படி, ஒருவர் செத்து ஒரு வருடம் ஆனபின் அவருக்குப் பிடித்த பாட்டை இரவிரவாக வாசித்து, ஆடி, அவரை வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் சொந்தக்காரர் ஒருவருடைய உடம்பில் வந்து, கொஞ்ச நேரம் இருந்து, பேசிவிட்டுப் போவார். பயப்பட அதில் ஒன்றுமில்லை, தூரத்துக்குப் போனவர் வீட்டுக்கு வருவதுதான் என்றான். ஆனால் அதைக் குடும்பம் செய்ய வேண்டும், நான் உங்கள் குடும்பம் இல்லை, பாட்டை மட்டும் வாசிக்கிறேன் என்றும் சொல்லித்தான் வந்தான்.

றொய்சனுக்குப் பிடித்த அந்தப் பாட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேள்வி கேட்பது போல வாசிக்க, மற்றவர் அந்தச் சுரங்களின் இடைவெளிகளுக்குள் பதில் வாசிப்பார். றொய்சன் பழகியது பதிலை. இன்று ஃபராய் கேள்வியை மட்டும் வாசித்தான். மாலை போட்ட படத்துக்கு முன்னால் கம்பளத்தில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு, இடைவெளிகளை அப்படியே திறந்து வைத்திருந்தான். அவை வெறுமையாக இல்லை என்று றெபேக்காவுக்குத் தோன்றத் தொடங்கிய நேரம், விறைப்பு விடும்போது உதட்டோரத்தில் வருகிற முதல் சுணைப்பு மாதிரி ஏதோ ஒன்று அவளுக்குள் அசைந்த நேரம், அம்மா கையைத் தட்டி, “ஃபாதர் வந்திட்டார், ஃபாதர் வந்திட்டார், காணும் தம்பி, நிப்பாட்டுங்கோ” என்றார்.

ஃபராயின் பெருவிரல்கள் அந்தரத்தில் நின்றன. அவன் ஃபாதரைப் பார்க்கவில்லை. ஃபாதருக்குப் பின்னால் திறந்திருந்த வாசலைப் பார்த்தான். சாப்பிடாமலே போய்விட்டான்.

வாத்தியத்தையும் கொண்டு போய்விட்டான். இரைச்சல் மட்டும் இன்னும் வீட்டுக்குள் இருந்தது.

முதலில் அது குளிர்ப்பெட்டி என்று நினைத்தாள். கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், பெட்டி அமைதியாக இருந்தது. பிறகு சூட்டுக் காற்று வருகிற நிலத்துத் துவாரத்துக்கு அருகே குனிந்து காதைக் கொடுத்தாள். கீழே நிலவறையில் வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு மூச்சு விடுகிற சத்தமும் தகரக் குழாய்கள் சூட்டில் விரிந்து சொடுக்குகிற சத்தமும் தூசி கருகுகிற மணமும் மேலே வந்தன, அந்த இரைச்சல் அங்கிருந்து வரவில்லை. அடுக்கிய கோப்பைகளைத் தொட்டாள். யன்னல் கண்ணாடியைத் தொட்டாள். சத்தம் எப்போதும் அவளுக்குப் பின்னாலேயே இருந்தது.

திரும்பினாள்.

அம்மாவின் வாய் மூடியிருந்தது. சத்தம் அதற்குள் இருந்து வந்தது.

மேல்வரிசைப் பல்செட். றெபேக்காவே பார்த்துப் பார்த்துச் செய்வித்தது, அசையாதது. அது இப்போது உதடுகளுக்குப் பின்னால் விட்டு விட்டு அதிர்ந்தது. கொஞ்சம் அதிரும், நிற்கும், மீண்டும் அதிரும். காலையில் ஃபராய் திறந்து வைத்த இடைவெளிகள் அதே அளவில், அதே ஒழுங்கில், ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டிருந்தன.

அம்மாவின் கைகள் பெரிய எவர்சில்வர் தட்டத்தின் விளிம்பில் இருந்தன. இரண்டு பெருவிரல்களும் விளிம்பை மேலிருந்து கீழே அழுத்தின. வலது சுட்டுவிரல் மட்டும் அடியில் இருந்து மேலே தட்டியது. அப்படித் தட்டுவதற்குப் பழக வேண்டும். றொய்சன் மாதக் கணக்கில் பழகினான். கார் ஓட்டும் வளையத்தில், கோப்பி மூடியில், மேசை ஓரத்தில். அம்மா ஒருநாளும் அந்த வாத்தியத்தைத் தொட்டதில்லை.

பயம் வரவேண்டிய இடத்தில் றெபேக்காவுக்கு வேறு ஒன்று வந்தது. இளஞ்சூடாக, நெஞ்சுக்குக் கீழே. ஒரு வருடத்தில் முதல் தடவை. தம்பியின் பெயர் நாக்கு நுனிக்கு வந்தது.

போன் அடித்தது. ஃபராய்.

“உங்கள் வீட்டில் எல்லோரும் இருந்த மாதிரியே இருக்கிறார்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். பின்னால் வைப்பர் அசைகிற சத்தம்.

அவள் கண்டதைச் சொன்னாள். தன் குரல் தட்டையாக இருப்பது அவளுக்கே கேட்டது.

“கூப்பிட்டால் வாசலில் நின்று ஏற்க வேண்டும், றெபேக்கா. வந்தவரிடம், நீங்கள் யார் என்று கேட்க வேண்டும். நாங்கள் கூப்பிட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டோம்.”

“றொய்சன்தானே?”

“எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டு றொய்சனைவிட எவ்வளவோ வயது கூடியது. அதில் ஆசைப்பட்ட எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். கூப்பிட வீடில்லாமல் போனவர்களும் இருப்பார்கள்.”

“விரலைப் பார்த்தனான், ஃபராய். அவன்ரை விரல்.”

“நான் சொல்வதைக் கேள். நான் திரும்பி வருகிறேன். ரோட்டில் பனி, நேரமெடுக்கும். அவரை மரியாதையாக யார் என்று கேட்கலாம். ஆனால் பெயரை நீ சொல்லாதே. அவரேதான் சொல்ல வேண்டும். தன் பெயர் தெரிந்தவருக்குத் திரும்பிப் போகவும் தெரியும். நீ ஒரு பெயரைக் கொடுத்தால் அவர் அதைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவார். உன் அம்மாவுக்குத் திரும்பி வர இடம் இருக்காது. விளங்குதா?”

“விளங்குது.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சிங்க்குக்கு முன்னால் அம்மா இல்லை.

ஹோலில் மின்விளக்குப் போடவில்லை. படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு விளக்கு மட்டும். தளவாடங்கள் எல்லாம் செபத்துக்காகச் சுவரோரம் தள்ளியபடியே இருந்தன. நடுவில் வெறும் கம்பளம். கம்பளத்தில் அம்மா.

ஆடினார்.

பாதத்தை இழுத்து, நிறுத்தி, குதியால் குத்தினார். இழுத்து, நிறுத்தி, குத்தினார். முதுகு முன்னால் வளைந்திருந்தது. கைகள் பக்கத்தில் தளர்ந்து தொங்கின. ஒவ்வொரு குத்துக்கும் அலுமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. வலது கால். இடது கால். வலது கால். பாரம் முழுவதும் வலதில்.

“அம்மா, இருங்கோ. முழங்கால், அம்மா.”

முகம் திரும்பவில்லை. நோவு அந்த முகத்தில் இல்லை. யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய், வீட்டுக்காரர் வரும்வரை காத்திருக்கிறவர் முகம். அடக்கமான, மங்கல் சிரிப்பு.

பல்செட் இரைந்தது. குதி குத்தியது. அதற்குள் இன்னொரு சத்தம். ஈரமான சத்தம். தையல் போட்ட இடத்தில் இருந்து.

றெபேக்கா தோளைப் பிடித்தாள். கல். ஆடுகிற கல். பிடித்த கையையும் சேர்த்து அது இழுத்தது, நிறுத்தியது, குத்தியது. விட்டுவிட்டாள்.

யன்னலில் பனி. கார் வெளிச்சம் இல்லை.

வலது முழங்கால் பக்கவாட்டில் மடிந்தது. நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் மடிந்தது. நிமிர்ந்தது. காலுறை கறுத்து நனைந்தது. பாதம் வெளிப்பக்கம் திரும்பி, திரும்பிய பக்கமாகவே குத்தியது.

மரியாதையாகக் கேட்கலாம் என்றான்.

“நீங்கள் ஆர்?”

எல்லாம் நின்றது.

குத்து நின்றது. இரைச்சல் நின்றது. கீழே அடுப்பு மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அம்மாவின் முகம் மெல்ல நிமிர்ந்தது. கண்கள் சுவரைத் தடவின. சிலுவை. நாட்காட்டி. மாலைக்குள் இருக்கும் பொடியன். பொடியனில் கொஞ்ச நேரம் நின்றன. அவனை அறிந்த மாதிரி இல்லை. கடை யன்னலில் தொங்கும் உடுப்பொன்றைப் பார்க்கிற மாதிரி. பிறகு றெபேக்காவில் வந்து நின்றன.

“தெரியேல்லை,” என்றது. அம்மாவின் குரல், ஆனால் சொற்களை இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பது போல. “கனதூரம். கூப்பிட்டீங்கள். வந்தனான்.”

றெபேக்கா படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா,” என்றது.

றொய்சன் ஒருநாளும் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. இங்கே பிறந்தவன். அவனுக்கு அவள் பெக்கி. அம்மா எவ்வளவு ஏசியும் சாகும்வரை பெக்கிதான். அது அவளுக்குத் தெரிந்தது. மிகத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே நிற்கும்போது அவளுடைய உதடு சுணைத்தது, கன்னம் சுணைத்தது, கண்ணில் இருந்து சூடாக ஏதோ வழிந்து வாய்க்குள் போனது. உப்பு. ஒரு வருடத்து உப்பு. தம்பியின் பெயர் தொண்டையில் இருந்து தானாகவே ஏறி வந்தது. பல்லுக்குப் பின்னால் நின்றது.

அதுவும் அதைக் கண்டுவிட்டது. அவளுடைய வாயையே பார்த்தது.

பிறகு ஒரு அடி கிட்ட வந்தது. வெளிப்பக்கம் திரும்பிய பாதத்தை ஊன்றி. மேல்வரிசைப் பல்செட் கழன்று கீழுதட்டில் தொங்கியது. அம்மாவின் இரண்டு கைகளும் எழும்பின. பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது ஏந்துவது போல, ஒன்றின் மேல் ஒன்றாக, குழியாக, அவளுடைய வாய்க்கும் நாடிக்கும் கீழே வந்து நின்றன.

“ஒரு பேர் தாங்கோ, அக்கா.”